நரம்புக்குக் குழாய் வைக்கலாம் என்று டாக்டர் சொன்னால்: ஒரு பாம்பன்காரனின் வழிகாட்டி

மீன்பிடித் தடைக்காலம் முடிந்து இரண்டாவது வாரம். வள்ளத்தின் காற்றாடியில் (ப்ரொப்பெல்லரில்) சுற்றிய நைலான் கயிற்றை அறுக்கப் போய் என் தம்பி உள்ளங்கையைக் கிழித்துக்கொண்டான். மோதிர விரலுக்கும் சுண்டு விரலுக்கும் கீழே ஒரு தீக்குச்சி நீளக் காயம், அவ்வளவுதான். கரைக்கு வந்து பக்கத்தில் ஒரு கிளினிக்கில் நான்கு தையல், ஒரு டி.டி. ஊசி, ஐந்து நாள் மாத்திரை, 350 ரூபாய். புண் ஆறியது, மறுபடி கடலுக்குப் போனான். ஐந்தாவது வாரம் டீக்கடையில் சூடான கிளாஸைப் பிடித்தபடி அரை மணி நேரம் அரசியல் பேசிவிட்டு எழுந்தவனின் சுண்டு விரல் ஓரத்தில் பெரிய கொப்புளம். “எப்படிடா வந்துச்சு?” என்று கேட்டால், “தெரியலண்ணே” என்கிறான்.

விரலின் உணர்ச்சி நரம்பு அறுந்திருக்கிறது என்று அப்போதுதான் எங்களுக்குப் புரிந்தது. அறுந்த நரம்பின் இரண்டு முனைகளுக்கு நடுவே ஒரு சின்னக் குழாய் வைக்கலாம் என்றார்கள். இதற்காக நான்கு மாதம் ராமநாதபுரத்துக்கும் மதுரைக்கும் அலைந்ததில் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன். நான் டாக்டர் இல்லை, மீன் வியாபாரி. எங்கே எதைக் கேட்க வேண்டும், எந்தக் காகிதத்தை விட்டுவிடக் கூடாது என்பது மட்டும் எனக்கு நன்றாகத் தெரியும்.

1. எந்த ‘நரம்பு’ என்று கேளுங்கள்

நம் ஊரில் எல்லாமே நரம்புதான். ஊசி போடும் ரத்தக்குழாயும் நரம்பு, விரலை மடக்கும் தசைநாணும் நரம்பு, உணர்ச்சியைக் கொண்டுபோகும் நரம்பும் நரம்பு. “நரம்பு லேசா பட்டிருக்கு” என்று கிளினிக்கில் சொன்னபோது, ரத்தம் நின்றுவிட்டதே, அப்புறம் என்ன என்று நாங்கள் வந்துவிட்டோம். பிழை அங்கேதான் தொடங்கியது. கையில் ஆழமாக வெட்டு விழுந்தால் மூன்றையும் தனித்தனியாகக் கேளுங்கள். ரத்தக்குழாய் சரியா? விரல் ஒவ்வொன்றும் மடங்குகிறதா, நீள்கிறதா? ஒவ்வொரு விரலின் இரண்டு பக்கமும் தொட்டால் தெரிகிறதா? கடைசிக் கேள்வியை மரத்துப்போகும் ஊசி போடுவதற்கு முன்பே பார்க்கச் சொல்லுங்கள், ஊசி போட்டபின் எல்லா விரலும் மரத்துத்தான் இருக்கும்.

வீட்டில் பார்க்கவும் ஒரு வழி உண்டு. தண்ணீரில் ஊறினால் விரல் நுனி சுருங்குமே, நரம்பு அறுந்த விரல் அப்படிச் சுருங்காது. கடலிலிருந்து வந்தால் தம்பிக்கு மற்ற விரல்களெல்லாம் கிழவன் விரல்போல இருக்கும், சுண்டு விரல் மட்டும் சின்னப்பிள்ளை விரல் மாதிரி வழவழவென்று இருந்தது. அவனே அதைப் பார்த்திருக்கிறான், சிரித்திருக்கிறான், யாரிடமும் சொல்லவில்லை. இன்னொன்று, வேர்க்காது. காய்ந்த பேனாவை மேலே வைத்து இழுத்தால் மற்ற விரலில் லேசாகப் பிடிக்கும், இதில் வழுக்கிக்கொண்டு ஓடும்.

2. சரியான ஓ.பி.யில் சீட்டு போடுங்கள்

‘நரம்பு டாக்டர்’ என்று தேடிப் போனால் நரம்பியல் பிரிவுக்கு அனுப்புவார்கள். அவர்கள் பக்கவாதம், வலிப்பு பார்ப்பவர்கள். எங்களுக்கு அங்கே சத்து மாத்திரை கிடைத்தது, கூடவே பத்து நாள் போனது. கையில் அறுந்த நரம்பைத் தைப்பது பெரும்பாலும் பிளாஸ்டிக் சர்ஜரி பிரிவு. பெயரைக் கேட்டதும் மூக்கை அழகாக்கும் இடம் என்று நினைத்துத் தயங்காதீர்கள். சில இடங்களில் கை அறுவை சிகிச்சைக்குத் தனிப் பிரிவே இருக்கிறது, சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனை அதற்குப் பெயர்போனது. நமக்குக் கிட்டத்தில் என்றால் மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனை. ராமநாதபுரத்தில் 2022 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இருப்பதால் முதலில் அங்கே காட்டி, ரெஃபரல் சீட்டு வாங்கிக்கொண்டு போவது நல்லது. அந்தச் சீட்டு பின்னால் பணம் கேட்கும் இடத்தில் உதவும்.

மதுரைக்கு முந்தின நாள் இரவே போய்விடுங்கள். ஓ.பி. சீட்டு காலையில்தான். பாம்பனிலிருந்து விடிந்தபின் கிளம்பிப் போய்ச் சேர்ந்த முதல் தடவை, வரிசை முடிந்து கதவு சாத்துவதைப் பார்த்துவிட்டுத் திரும்பினோம்.

3. நாளை எண்ணத் தொடங்குங்கள்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியைப் படிப்பதாக இருந்தால் இதைப் படியுங்கள்.

நரம்பு அறுந்ததும் வெட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கும் இழைகள் சில நாளில் சிதைந்துபோகும், வெறும் உறை மட்டும் மிஞ்சும். இந்தப் பக்கத்திலிருந்து புது இழை முளைத்து அந்த உறைக்குள் புகுந்து போக வேண்டும். அது வளரும் வேகம் நாளுக்குச் சுமார் 1 மில்லிமீட்டர், மாதத்துக்கு 3 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். எவ்வளவு காசு கொடுத்தாலும் இதற்கு மேல் ஓடாது.

உணர்ச்சி நரம்பு என்றால் தாமதமானாலும் ஓரளவு தேறும். தசையை இயக்கும் நரம்பு என்றால் கதை வேறு. இணைப்பு இல்லாமல் 12 முதல் 18 மாதம் கிடந்த தசையில் நரம்பு வந்து ஒட்டும் இடமே கெட்டுவிடும், அதற்குப் பிறகு நரம்பு வந்து சேர்ந்தும் பெரிய பலன் இல்லை. முழங்கைக்கு மேலே அறுந்தால் விரல் தசை வரை 30 சென்டிமீட்டருக்கு மேல் போக வேண்டும். வளரவே பத்து மாதத்துக்கு மேல் ஆகும் என்றால் நம் கையில் எத்தனை மாதம் மிச்சம் என்று நீங்களே கழித்துப் பாருங்கள்.

கத்தி, கண்ணாடி, தகரம் போன்ற கூரான வெட்டும், உணர்ச்சி போனதும் சேர்ந்தால் காத்திருக்கக் கூடாது. முதல் மூன்று நாளுக்குள் திறந்து பார்த்து நேரடியாகத் தைத்துவிட்டால் பெரும்பாலும் குழாய்க்கே வேலை இருக்காது. நசுங்கிய காயம், அழுக்கும் கடல்நீரும் புகுந்த காயம் என்றால் அவர்களே புண்ணைச் சுத்தம் செய்து இரண்டு மூன்று வாரம் தள்ளிப்போடுவார்கள். அது அலட்சியம் இல்லை, எவ்வளவு தூரம் கெட்டிருக்கிறது என்று அதற்குள்தான் தெரியவரும்.

வண்டியிலிருந்து விழுந்தது, எலும்பு முறிந்தது போன்ற மூடிய காயத்துக்கு நேர்மாறு. என் அத்தை மகன் உச்சிப்புளி பக்கம் பைக்கில் விழுந்து மேல்கை எலும்பு உடைந்து, மணிக்கட்டு தொங்கிப்போய் வந்தான். என் தம்பிக்கு வைத்த மாதிரி குழாய் வேண்டும் என்று வீட்டில் ஒரே பிடிவாதம். அந்த வகைக் காயத்தில் நரம்பு பெரும்பாலும் அறுந்திருக்காது, அடிபட்டுத் தூங்கிக்கொண்டிருக்கும் என்று டாக்டர் பொறுக்கச் சொன்னார். நான்காம் மாதம் மணிக்கட்டு தானாக மேலே வந்தது. மூன்று நான்கு மாதத்தில் அசைவே தெரியவில்லை என்றால்தான் திறந்து பார்ப்பார்கள்.

நரம்பு மின்னோட்டச் சோதனை என்று ஒன்று எழுதுவார்கள், என்.சி.எஸ்., ஈ.எம்.ஜி. என்று சீட்டில் இருக்கும். காயம் பட்டு மூன்று வாரம் ஆகாமல் எடுத்தால் முழுப் படம் கிடைக்காது. அவசரப்பட்டு வெளியில் 2,500 ரூபாய் கட்டி எடுத்துவிட்டு, பின்னால் மறுபடி எடுத்தவர்களை வரிசையில் பார்த்தேன்.

4. குழாய் என்ன செய்யும், என்ன செய்யாது

இரண்டு முனையும் தொட்டுக்கொண்டால் முடியைவிட மெல்லிய நூலால் மைக்ராஸ்கோப்பில் பார்த்துத் தைத்துவிடுவார்கள். நாள் தள்ளிப்போனால் முனைகள் சுருங்கி விலகும், நுனியில் முடிச்சுபோல் ஒரு கட்டி வேறு வளரும். கெட்ட பகுதியை வெட்டி எடுத்தபின் நடுவில் இடைவெளி விழும். கயிறு என்றால் இழுத்துக் கட்டலாம். நரம்பை இழுத்துக் கட்டினால் ரத்த ஓட்டம் குறைந்து தேறாமலே போகும்.

அந்த இடைவெளிக்குத்தான் குழாய். மருத்துவமனையில் ‘நெர்வ் கண்டூட்’ என்பார்கள். வீடு கட்டும்போது சாரம் கட்டி, சுவர் எழுந்ததும் அவிழ்த்துவிடுகிறோமே, அந்த வேலைதான். உடம்பு ஏற்றுக்கொள்ளும் பொருளால் செய்த, வைக்கோலைப்போல ஒரு சின்னக் குழாய். இரண்டு முனையையும் அதற்குள் சில மில்லிமீட்டர் நுழைத்துத் தைப்பார்கள். உள்ளே ஊறும் திரவத்தில் மெல்லிய நார்ப்பாலம் ஒன்று தானாக உருவாகும், அதைப் பிடித்துக்கொண்டு துணைச் செல்கள் நகர்ந்து வரும், அவற்றின் பின்னால் புது இழைகள் வரும். குழாய் பிறகு கரைந்துபோகும். குழாய் நரம்பை வளர்ப்பதில்லை, வழி மாறாமல் பார்த்துக்கொள்கிறது, வெளியிலிருந்து தழும்புச் சதை உள்ளே வராமல் தடுக்கிறது. அவ்வளவுதான்.

அதனால்தான் நீளம் முக்கியம். இடைவெளி அதிகமானால் அந்த நார்ப்பாலம் நடுவில் அறுந்துபோகும். வெறும் குழாய்க்கு 3 சென்டிமீட்டர்தான் உச்ச எல்லை. விரலின் உணர்ச்சி நரம்பு போன்ற மெல்லிய நரம்பில், 1 சென்டிமீட்டரை ஒட்டிய இடைவெளியில் நன்றாக வேலை செய்யும். மணிக்கட்டு, முழங்கையில் இருக்கும் பெரிய நரம்புக்கும் நீண்ட இடைவெளிக்கும் இன்றுவரை முதல் தேர்வு உங்கள் சொந்த நரம்புதான். கெண்டைக்காலின் பின்பக்கத்திலிருந்து ‘சூரல்’ என்ற உணர்ச்சி நரம்பை எடுத்து ஒட்டுவார்கள். அதற்குக் கொடுக்கும் விலை, பாதத்தின் வெளி ஓரம் மரத்துப்போவது. ஆடும் வள்ளத்தில் வெறுங்காலோடு நிற்பவருக்கு அது சின்ன விஷயம் இல்லை, கடல் தொழில் என்று டாக்டரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள்.

என் தம்பிக்கு இரண்டு நரம்பு அறுந்திருந்தது. ஒன்றை நேரடியாகத் தைத்தார்கள். இன்னொன்றில் 12 மில்லிமீட்டர் இடைவெளி, அதற்குக் குழாய் வைத்தார்கள்.

5. எந்தப் பொருள் என்று கேளுங்கள்

இதைக் கேட்பதற்கு யாரும் கோபிக்க மாட்டார்கள். மாட்டின் தசைநாணிலிருந்து எடுக்கும் கொலாஜன் என்ற புரதம், செயற்கையான பி.ஜி.ஏ., பி.எல்.சி.எல். போன்ற கரையும் பாலிமர்கள், கைட்டோசான் என்று பல வகை உண்டு. சில பன்றியின் குடல் உறையிலிருந்து செய்தவை. எங்களுடன் வந்திருந்த கீழக்கரை நண்பர் இதைத்தான் முதலில் கேட்டார், டாக்டரும் பொருளின் பெயரைச் சொல்லி விளக்கினார். அறுவைக்கு முதல் நாள் கேட்டால் மாற்ற நேரம் இருக்காது.

கைட்டோசான் எதிலிருந்து வருகிறது தெரியுமா? இறால், நண்டு ஓட்டிலிருந்து. பக்கத்து ஊரான மண்டபத்தில் நாம் மூக்கைப் பிடித்துக்கொண்டு தாண்டிப்போகும் அதே ஓடு வெளிநாட்டில் குழாயாகிப் பெட்டியில் வந்தால் என்ன விலை என்று கேட்டுவிட்டு நான் கொஞ்ச நேரம் பேசவில்லை. சரி, அது கிடக்கட்டும். இறால் சாப்பிட்டால் தடிப்பு வரும் என்றால் அதை மறைக்காமல் சொல்லுங்கள்.

கரையும் காலமும் பொருளுக்குப் பொருள் மாறும், சில மாதத்தில் கரைவதும் உண்டு, ஆண்டுக்கணக்கில் இருப்பதும் உண்டு. ரொம்பச் சீக்கிரம் கரைந்தால் நரம்பு கடக்கும் முன்பே சாரம் சரிந்த கதை. ரொம்ப நாள் கெட்டியாக இருந்தால் விரல் மடங்கும் இடத்தில் உறுத்தலாம்.

6. காகிதங்கள்

நாங்கள் அதிகம் அடிபட்டது இங்கேதான்.

முதல் நாள் காயத்துக்குப் போகும்போதே அரசு மருத்துவமனை என்றால் ஏ.ஆர். (விபத்துப் பதிவேடு) பதிவு போடச் சொல்லி அதன் நகலோ எண்ணோ வாங்கிக்கொள்ளுங்கள். தனியார் கிளினிக் என்றால் தேதி, காயம் எங்கே, எப்படிப் பட்டது என்று லெட்டர்பேடில் எழுதி வாங்குங்கள். எங்களுக்குக் கிடைத்தது மாத்திரைப் பெயர் எழுதிய துண்டுச் சீட்டு, அதில் தேதிகூட இல்லை. பின்னால் எந்த அலுவலகத்தில் நீட்டினாலும் “இது எதுக்கு ஆதாரம்?” என்றார்கள்.

மருத்துவக் காப்பீட்டு அட்டைக்கு ரேஷன் கார்டு, குடும்பத்தினரின் ஆதார், வருமானச் சான்று வேண்டும். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்துக்கு ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும், குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை. கலெக்டர் ஆபீசில் இருக்கும் மையத்தில் பதியலாம். காயம் படுவதற்கு முன்பே எடுத்து வைத்திருங்கள். ரேஷன் கார்டில் பேர் ஒரு மாதிரி, ஆதாரில் ஒரு மாதிரி இருந்தால் இன்றைக்கே திருத்துங்கள். என் தம்பிக்கு அப்பா பேரின் முதலெழுத்து ஒன்றில் முன்னால், ஒன்றில் பின்னால். அதற்கு ஒன்பது நாள்.

டிஸ்சார்ஜ் ஆகும்போது சிகிச்சைச் சுருக்கத்தை மட்டும் வாங்கிக்கொண்டு வந்துவிடாதீர்கள். அறுவைக் குறிப்பையும் கேளுங்கள். அதில் எந்த நரம்பு, இடைவெளி எத்தனை மில்லிமீட்டர், குழாயின் பொருள், விட்டம், நீளம் இருக்க வேண்டும். குழாய் வந்த பெட்டியின் ஸ்டிக்கரை, பேட்ச் எண்ணும் காலாவதித் தேதியும் உள்ளதை, கேஸ் ஷீட்டில் ஒட்டுவார்கள். அதை போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

பதிவு பெற்ற மீனவர் என்றால் பிரதமர் மீன்வளத் திட்டத்தின் குழு விபத்துக் காப்பீட்டில் மருத்துவமனைச் செலவுக்கு 25,000 ரூபாய் வரையும், நிரந்தரமான பகுதி ஊனத்துக்கு 2.5 லட்சமும் உண்டு. உங்கள் பகுதி மீன்வளத் துறை அலுவலகத்தில் கேளுங்கள். சங்கத்தில் பேர் இருந்தால் போதும் என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம், திட்டத்தில் பேர் ஏறியிருக்கிறதா என்று பார்க்கவில்லை. சாலை விபத்து என்றால் ‘இன்னுயிர் காப்போம்’ திட்டம் முதல் 48 மணி நேரத்துக்குக் கைகொடுக்கும். கடலில் பட்ட காயத்துக்கு அது கிடையாது.

7. பணம்

அறுவைக்கு முன்பே ஒரே ஒரு கேள்வி: காப்பீட்டுப் பேக்கேஜில் குழாயும் அடங்குமா, வெளியில் வாங்க வேண்டுமா? அறுவை இலவசம் என்றதும் எல்லாம் இலவசம் என்று நினைத்துவிட்டோம். குழாய்க்கு மட்டும் தனியாக ஐம்பதாயிரத்தை ஒட்டிய தொகை சொன்னார்கள். அறுவை நாளுக்கு இரண்டு நாள் முன்பு. அக்காவின் வளையல் அடகுக் கடைக்குப் போனது.

வாங்கச் சொன்னால் பெட்டியில் அச்சிட்ட விலையைப் பாருங்கள், பில் கேளுங்கள், இறக்குமதி உரிம எண் இருக்கிறதா பாருங்கள். சொந்த நரம்பை ஒட்டினால் பொருளுக்குச் செலவில்லை, அறுவை நேரம்தான் கூடும் என்பதையும் மனதில் வைத்துக்கொண்டு பேசுங்கள். மீதிச் செலவு சத்தமில்லாமல் ஏறும்: கைத்தாங்கி, பிசியோதெரபிக்குப் போகவர, துணைக்கு வருபவரின் சாப்பாடு, கடலுக்குப் போகாத நாட்கள். எங்களுக்கு இந்தச் சில்லறைதான் குழாயை மிஞ்சியது. தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை என்பதால், தள்ளிப்போடக்கூடிய அறுவையை அதற்குள் வைத்துக்கொள்ள முடியுமா என்று கேட்கலாம். ஆனால் தடைக்காலம் வரட்டும் என்று நரம்பைக் காக்க வைக்காதீர்கள்.

இன்னொரு பொறி. மருத்துவமனை வாசலிலும் போனிலும் ‘ஸ்டெம் செல் ஊசி போட்டால் நரம்பு வளரும்’ என்று ஆட்கள் வருவார்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 வழிகாட்டுதல்படி இதற்கெல்லாம் பதிவு செய்த ஆராய்ச்சிக்கு வெளியே ஸ்டெம் செல் போடக் கூடாது. உண்மையான ஆராய்ச்சி என்றால் இந்திய மருத்துவச் சோதனைப் பதிவேட்டில் எண் இருக்கும், நம் மொழியில் ஒப்புதல் படிவம் தருவார்கள், சோதனையால் கெடுதல் வந்தால் 2019 விதிகளின்படி சிகிச்சையும் இழப்பீடும் அவர்கள் பொறுப்பு. உங்களிடம் லட்சம் கேட்டால் அது வியாபாரம்.

8. வீட்டுக்கு வந்தபின்

இரண்டு மூன்று வாரம் கை அசையக் கூடாது, கட்டை அவிழ்க்கக் கூடாது. அப்புறம் பிசியோதெரபி. எண்ணெய் போட்டு உருவிவிடுகிறேன் என்று அக்கம்பக்கத்தில் வருவார்கள். தையல் விட்டுப்போகக்கூடிய காலத்தில் யாரையும் கையைத் தொட விடாதீர்கள்.

உணர்ச்சி இல்லாத விரலுக்கு நெருப்பும் ஐஸும் ஒன்றுதான். ஐஸ் பெட்டிக்குள் கை விட வேண்டாம், டீ கிளாஸ் மற்ற கையில், அடுப்புப் பக்கம் போகும்போது கண்ணால் பார்த்துப் பிடிக்க வேண்டும். இரவில் படுக்கும் முன் விரலைச் சுற்றிப் பார்த்து, முள் குத்தியிருக்கிறதா என்று தேடுங்கள். பீடி, சிகரெட் ரத்த ஓட்டத்தைக் குறைக்கும். சர்க்கரை இருந்தால் அதைக் கட்டுக்குள் வைக்க வேண்டும்.

நரம்பு வருகிறதா என்று எப்படித் தெரியும்? தழும்பிலிருந்து விரல் நுனி நோக்கி மெதுவாகத் தட்டிக்கொண்டே போனால், ஓர் இடத்தில் ஷாக் அடிப்பதுபோல் சுள்ளென்று இருக்கும். புது இழையின் முனை அங்கே இருக்கிறது என்று அர்த்தம். மாதா மாதம் அந்த இடம் கீழே நகர வேண்டும். நாங்கள் முதலில் பேனாவால் குறி போட்டோம், அழிந்துவிட்டது. அப்புறம் அம்மாவின் தையல் டேப்பால் தழும்பிலிருந்து அளந்து காலண்டரில் எழுதினோம்: முதல் மாதம் ஒன்றும் இல்லை, இரண்டாவது மாதம் 2 சென்டிமீட்டர், மூன்றாவது மாதம் நாலரை. இந்தக் கணக்கோடு போனால் டாக்டரும் உட்கார வைத்துப் பேசுகிறார். இரண்டு மாதமாக ஒரே இடத்தில் நின்றால் அடுத்த தேதி வரை காத்திருக்காமல் போய்விடுங்கள்.

முதலில் வருவது நல்ல உணர்ச்சியாக இருக்காது. எறும்பு ஊர்வது, எரிச்சல், துணி பட்டாலே கூசுவது. தம்பி இதில்தான் பயந்தான். வெவ்வேறு பொருளைத் தொட்டுப் பழக வேண்டும், அரிசி, மணல், துணி என்று. தேறுவது ஒன்றரை, இரண்டு வருடம் வரை தொடரும். ஊனச் சான்றுக்குப் போனாலும் இதனால்தான் கொஞ்ச காலம் பொறுத்து வரச் சொல்வார்கள். சலுகைகள் பலவற்றுக்கு 40 சதவீதம் வேண்டும், இரண்டு விரல் மரத்துப்போனதற்கு அது வராது என்பதையும் தெரிந்துகொண்டே போங்கள்.

எல்லாக் காகிதத்தையும் மூன்று நகல் எடுத்து, அசலை ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு வீட்டில் வையுங்கள். வள்ளத்தில் வேண்டாம். எங்கள் முதல் ஸ்கேன் படம் உப்புத்தண்ணீரில் ஒட்டிப்போய் மறுபடி எடுக்க 900 ரூபாய் ஆனது.